இரண்டு மடங்கு

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது. எங்கள் பிரிவில் இருப்பவை எல்லாம் முதுகை ஒடிக்கிற நாற்காலிகள். நாள் முழுக்க ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்குத்தான் நல்ல நாற்காலி தேவை. அது எப்படியோ விசாரணை அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது, சொன்னேன். டீ வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்.

நீங்கள் எழுதி வைத்திருப்பதை வாசித்தேன். 'வேலைப்பளு காரணமாக ஏற்பட்ட கவனக்குறைவு' என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஒரு எச்சரிக்கை, கொஞ்ச நாள் பயிற்சி வகுப்பு, பிறகு மறுபடியும் என் பழைய இடம். பக்கத்து மேசைப் பெண்கூட வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க மேடம், இதோட விட்டுது" என்றாள். போட்டுவிடலாம் என்றுதான் நானும் வந்தேன். அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எனக்குக் கவனக்குறைவு கிடையாது. இந்த மையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் முதுகுக்குப் பின்னால் என்னைத் 'தராசு' என்பார்கள். நான் காது கேட்காதவள்போல இருந்துகொள்வேன், உள்ளுக்குள் பிடிக்கத்தான் செய்தது. ஒரு வார்த்தை கூடவோ குறையவோ பேசாதவள் என்று அர்த்தம். அன்றைக்கு அந்த அழைப்பில் பேசியதையும் அப்படி அளந்துதான் பேசினேன். அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிர்வாகப் பக்கத்திலிருந்து வந்தவர். எங்கள் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிப் பெண்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். தெரியாமல் ஒரு மாத்திரை போட்டுவிட்டேன், பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்பார்கள். பல்வலி மாத்திரை, இருமல் மருந்து, தலைக்குச் சாயம், பக்கத்து வீட்டில் அடித்த பெயிண்ட், கரப்பான்பூச்சி மருந்து. ஒருத்தி பற்பசையை விழுங்கிவிட்டு அழுதுகொண்டே கூப்பிட்டாள். அவளைச் சிரிக்க வைத்துத்தான் ஃபோனை வைத்தேன். நான் அப்படியும் பேசுவேன்.

உண்மையிலேயே கெடுக்கிற மருந்துகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் தூக்கத்துக்கும் வாந்திக்கும் என்று கொடுத்த ஒரு மாத்திரையால் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கைகால் வளராமல் பிறந்தன. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் நன்றாகத் தூங்கி எழுந்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற மையங்களே வந்தன. முகப்பருவுக்குக் கொடுக்கிற ஒரு மருந்து, வலிப்புக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், சாராயம், ஈயம், பாதரசம் என்று நாங்கள் பயப்படுகிற பட்டியல் ஒன்று உண்டு. பார்த்தால் அது சின்னப் பட்டியல்தான். அதிலும் எது, எவ்வளவு, எந்த வாரத்தில் என்று பார்க்க வேண்டும். இதயம் உருவாகிற நாட்களில் போட்டால் இதயத்தைக் கெடுக்கிற மருந்து, ஆறாம் மாதத்தில் போட்டால் அதே கெடுதலைச் செய்யாது.

மற்ற அழைப்புகள் பெரும்பாலும் வெறும் பயம். ஆனால் பயத்தை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஒன்றும் செய்யாத மாத்திரைக்குப் பயந்து நல்ல பிள்ளையைக் கலைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. அதனால் எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள். எந்த அழைப்பிலும் முதலில் சொல்ல வேண்டியது இது: எந்த மருந்தையும் தொடாத தாய்மார்கள் நூறு பேரில் மூன்று பேருக்குப் பிள்ளை ஏதோ ஒரு குறையோடுதான் பிறக்கிறது, காரணம் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அடுத்தது, 'மடங்கு' என்ற சொல்லைத் தனியாகச் சொல்லக் கூடாது. பத்தாயிரத்தில் ஒன்று பத்தாயிரத்தில் இரண்டு ஆனாலும் அது இரண்டு மடங்குதான். கேட்கிறவள் காதில் இரண்டு மடங்கு மட்டும்தான் விழும், பத்தாயிரம் விழாது. அதனால் எத்தனையில் எத்தனை என்று சொல்லிவிட்டுத்தான் வேறு பேச்சு. மூன்றாவது, சொந்தக்காரர் கூப்பிட்டால் நாம் பதில் சொல்லக் கூடாது. ஒரு நிமிஷம் என்று சொல்லிப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட வேண்டும். புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

உங்கள் காகிதத்தில் 'அழைத்தவர்' என்று போட்டிருக்கிறீர்களே, அவள் என் தங்கை. நீங்கள் நிமிர்ந்து பார்ப்பதிலிருந்து உங்களுக்கு அது தெரியாது என்று புரிகிறது. அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள், பெண்களுக்கு. நாளெல்லாம் கை சாயத்தில்தான் ஊறும். சாவியை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஃபோனில் கதை அடிப்பாள். எதையும் முன்கூட்டி யோசித்து நான் பார்த்ததில்லை. யாருக்கும் அவள்மேல் கோபம் வராது. பாலைப் பொங்கவிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது அம்மாவே சிரித்துவிடுவாள். அதே பாலை நான் பொங்கவிட்டிருந்தால், உனக்கென்ன உடம்பு சரியில்லையா என்று கேட்டிருப்பாள்.

எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து. நாள் தள்ளிப்போகும் முன்பே சத்து மாத்திரையை ஆரம்பித்தவள் நான். தலை வலித்தால் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நகப்பூச்சு வைக்கவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். கொசுமருந்தை அணைத்துவிட்டதால் என் வீட்டுக்காரர் எனக்கு விசிறிவிட்டே தூங்கிப்போவார். இத்தனைக்கும் பிறகு பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஒரு பாதி வளரவே இல்லை. விரல்கள் எல்லாம் அழகாக இருந்தன, அம்மாவுக்கு இருப்பது போன்ற நீள விரல்கள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாள். நாங்கள் பாப்பா என்றே சொல்கிறோம்.

அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, யாராவது மூன்று பேர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன சாப்பிட்டே?" அம்மாவும் கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். "ஒண்ணும் இல்லாம எப்படிடீ?" என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கு சிவக்க அழுதுகொண்டிருந்த தங்கை சொன்னாள், "நீ ரொம்ப பயந்து பயந்து இருந்தியேக்கா, அதான் தாங்கலையோ என்னவோ." அவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள். அடுத்த நிமிஷமே மறந்திருப்பாள். அதற்காக நான் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எனக்குத் தங்கவில்லை. அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். அவள் எப்படி இருந்தாள் என்று கேளுங்கள். ஏழாம் மாதம்வரை கடையில் நின்று சாயம் கலந்தாள். இடுப்புவலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையைப் பேர்கூடத் தெரியாமல் போட்டாள். நாள் தள்ளிப்போனதே தெரியாமல் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைப் புரட்டி, ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அப்போது சரியாகத்தான் சொன்னேன், குறித்துக்கொள்ளுங்கள். பையன் கல்லுக்குண்டு மாதிரி பிறந்தான். ஆஸ்பத்திரியே அதிருகிற மாதிரி அழுதான்.

பாப்பாவுக்கென்று நான் தைத்து வைத்திருந்த சட்டைகளை அம்மா ஒரு பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "சும்மாதானே கிடக்குது, அவன் போட்டுக்கட்டும்" என்றாள். நியாயம்தான். மஞ்சள் பூ வைத்த ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் பால் கக்கிய படத்தைத் தங்கை எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்கும் வந்தது. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.

பொறாமைதான். வேறு பெயர் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். அவளிடம் கடை இருக்கிறது, களை இருக்கிறது, என்னைவிட அவளைத்தான் நாலு பேருக்குப் பிடிக்கிறது, அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கவனமே இல்லாமல் இருந்தவளுக்குக் கிடைத்ததே, அதுதான். அவள் சிரிக்கும்போது, அவள் சாப்பிடும்போது, "அக்கா, இவனக் கொஞ்சம் பிடி" என்று பையனை என் மடியில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகும்போது எனக்கு வயிறு எரியும். அவன் என்னைப் பெரிம்மா என்பான். என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்குவான். அவன்மேல் எனக்கு உயிர். இரண்டும் ஒன்றாகவே இருந்தன, ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை.

அழைப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது.

"வணக்கம் மேடம், ஒரு கர்ப்பிணிப் பெண் பேசறேன்" என்றது ஒரு கிழவிக் குரல். பிறகு சிரிப்பு. "நான்தான்க்கா. மொபைல்ல அடிச்சா எடுக்க மாட்டேங்கிற, அதான் கவர்மெண்ட் வழியா வந்துட்டேன்."

"என்னடி விஷயம்?" என்றேன்.

"நாள் தள்ளிப் போச்சு. டெஸ்ட் பண்ணிட்டேன். உன் மாப்பிள்ளைக்கே இன்னும் சொல்லல, உனக்குத்தான் முதல்ல." பின்னால் முடி உலர்த்துகிற கருவி ஓடிக்கொண்டிருந்தது. "கடையில புதுசா ஒரு லோஷன் வந்துச்சுல்ல, கையெல்லாம் தடிச்சுப் போச்சு. ரெண்டு வாரமா அலர்ஜி மாத்திரை போட்டுட்டிருந்தேன். ஒண்ணும் ஆகாதுல்ல?"

மாத்திரையின் பெயரைச் சொன்னாள். ஒன்றும் ஆகாத மாத்திரை. நாங்களே எத்தனையோ பேரிடம் பயமில்லாமல் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். பக்கத்து மேசைப் பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழைப்பு எதுவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கையால் கேட்டாள். ஒரு நிமிஷம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால், ஆரஞ்சை மென்றுகொண்டே தங்கையிடம் சொல்லியிருப்பாள், கவலைப்படாதீங்க, நல்லா சாப்பிடுங்க என்று. தங்கையும் சரி மேடம் என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் யாருக்காவது தலை அலசப் போயிருப்பாள். மறுபடியும் கல்லுக்குண்டு மாதிரி ஒன்று. நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"அந்த மாத்திரைய பத்தி ஒரு ஆராய்ச்சி இருக்கு" என்றேன். "போட்டவங்களோட பிள்ளைக்குக் குறை வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்கு."

"ரெண்டு மடங்கா?"

"ஆமா."

நூற்றுக்கு மூன்று என்பதைச் சொல்லவில்லை. எத்தனையில் எத்தனை என்பதையும் சொல்லவில்லை. ஃபோனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். எங்கள் வேலையில் அப்படிச் சும்மா இருப்பதையும் பழகிக்கொள்ள வேண்டும், எதிர்ப்பக்கம் இருப்பவள் தானே பேச வருவாள். அந்த ஆராய்ச்சி இருப்பது நிஜம். ரொம்பப் பழையது. பல ஆயிரத்தில் ஒன்று பல ஆயிரத்தில் இரண்டானதாக அதில் இருந்தது. பிறகு நிறையப் பேரை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதுவும் தென்படவில்லை. ஆக, நான் பொய் சொன்னேன் என்று நீங்கள் எழுத முடியாது. ஒரு சொல்லை விட்டேன், அவ்வளவுதான்.

"என்ன குறைக்கா?"

இங்கே உங்களுக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அந்த ஆராய்ச்சியில் சொன்னது விரலோடு விரல் லேசாக ஒட்டிக்கொண்டு பிறப்பதை. சின்ன அறுவை செய்தால் சரியாகிவிடும். நான் இதயம் என்றேன்.

"பாப்பாவுக்கு இருந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

அவள் பக்கத்தில் அந்தக் கருவியின் சத்தம் நின்றது. அவளே அணைத்திருக்க வேண்டும். பாப்பாவை அவள் பார்த்திருக்கிறாள், கண்ணாடிப் பெட்டிக்குள் உதடு நீலமாகி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்ததை. என்னோடு அங்கே நின்றவள் அவள்தான். அதனால் நான் விளக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"ஸ்கேன்ல தெரிஞ்சிடும்ல?" என்றாள் கடைசியில்.

"தெரியும். அது தெரியறதுக்குள்ள நாள் ஏறிடும். அப்புறம் எடுக்கிறது உடம்புக்கும் கஷ்டம், மனசுக்கும் கஷ்டம்."

கலைப்பது என்ற பேச்சை முதலில் எடுத்தது நான். அவளாகக் கேட்டாள் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது, அதையும் மாற்றிவிடுங்கள்.

பேசி முடிவெடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கையின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். வேறு ஒரு டாக்டரையும் கேட்டுவிடலாம் என்றார். அவளுடைய வழக்கமான டாக்டர் ஊரில் இல்லை, மகளைப் பார்க்கப் போயிருந்தார். அது எனக்கு வசதியாக இருந்தது. "கேக்கலாம் மாப்பிள்ளை, அவங்க ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்வாங்க. பார்த்து அனுப்பறதோட அவங்க வேலை முடிஞ்சுது. அப்புறம் வளர்க்கப் போறது நீங்க ரெண்டு பேரும்தானே" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதாண்ணி" என்றார். அண்ணி என்றுதான் கூப்பிடுவார். தங்கை பையனின் தலையை வருடிக்கொண்டே இருந்தாள். அவன் திமிறிக்கொண்டு ஓடினான், அவளும் விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பையனை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். காத்திருக்கிற இடத்தில் எங்களுக்கு எதிரே ஒரு மீன்தொட்டி. அவள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயக் கறை அவள் நகக்கண்களில் அப்படியே இருந்தது. "பாவமில்லையாக்கா?" என்றாள். "முடிவு உன்னோடதுடி. நாங்க தகவல் மட்டும்தான் கொடுப்போம்" என்றேன். அது எங்கள் மையத்து வாசகம், எல்லோரிடமும் சொல்வது. உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாள். நான் குனிந்து சரியாகப் போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் என்னை நிறுத்தி நீங்கள் கேட்கலாம், எழுந்து போனவளைத் தடுக்க ஒரு வார்த்தை போதுமே என்று. போதும்தான். அந்த வார்த்தை வாயிலேயே இருந்தது. கதவு சாத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு பையில் இருந்த பத்திரிகையை எடுத்துப் படித்தேன்.

பிறகு அவள் கொஞ்ச நாள் என் வீட்டில் இருந்தாள். நான் லீவு போட்டேன். சூடாகச் சமைத்துப் போட்டேன், வெந்நீர் வைத்துக் கொடுத்தேன், சின்ன வயதில் செய்ததுபோலத் தலை வாரிவிட்டேன். ஒருநாள் மத்தியானம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள், "இப்பதான்கா உன் வலி எனக்குப் புரியுது. நான் அன்னிக்கு என்னென்னமோ உளறியிருக்கேன்ல. மன்னிச்சிடு."

பாப்பா போனபோது ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் உங்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். அது முழுக்க அழுகை இல்லை, நான் சந்தோஷமாக இருந்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. அம்மா வந்து எங்கள் இருவரையும் ஒரே மாதிரி பார்த்தாள், ஒரே குரலில் பேசினாள். நாங்கள் மூன்று பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரைவிட ஒருவருக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. அந்த நாட்களில் பொறாமை என்னிடம் கொஞ்சமும் இருக்கவில்லை. பாரம் இறங்கினாற்போல இருந்தது. அன்றோடு அது தீர்ந்தே போய்விட்டது.

அவளுடைய டாக்டர் ஊரிலிருந்து திரும்பி வந்து, விஷயத்தைக் கேட்டு, கோபத்தில் உங்களுக்குப் புகார் கொடுத்தார். இந்த மாத்திரைக்கா கலைச்சே, யார் சொன்னது என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். மையத்தில் சொன்னார்கள், ஆள் யாரென்று தெரியாது என்றிருக்கிறாள். பிறகு ராத்திரியோடு ராத்திரியாக எனக்கு ஃபோன் பண்ணினாள். "உன் பேர நான் சொல்லலக்கா, உனக்கெதுக்கு வம்பு. அந்தம்மா கத்துது, ஒண்ணுமே ஆகியிருக்காதாம். அவங்களுக்கென்ன தெரியும், எல்லா வியாதியும் பாக்குறவங்க. நீ இதையேதானே படிக்கிற." நான் ஆமாம் என்றேன். அந்த மதியம் எந்த மேசையில் யார் என்று பார்த்து நீங்கள் என்னிடம் வந்தீர்கள். மற்றது உங்களுக்குத் தெரியும்.

இவ்வளவுதான். வேண்டுமென்றே செய்தேன். நன்றாக இருந்த பிள்ளை அது, எனக்குத் தெரிந்தே சொன்னேன். அவள் கலைக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இந்த மூன்று வரியையும் அப்படியே எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேலையை எடுத்துவிடுங்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல்லுங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தப்பான தகவல் போயிருந்தால், அழைத்தவரை நாமே கூப்பிட்டுச் சரியான தகவலைச் சொல்லியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அவளை நீங்கள் கூப்பிட வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை, அவளுக்காகத்தான். யாரோ முன்பின் தெரியாதவர் ஃபோனில் இதைச் சொன்னால் அவளால் தாங்க முடியாது. அதுவும் இந்த நேரத்தில் அவள் மனசு நோகவே கூடாது.

அவள் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். இந்தத் தடவையும் எனக்குத்தான் முதலில் சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. கேட்டதிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கம் பிடிக்கவில்லை, சந்தோஷத்தில்தான். மிகவும் மாறிவிட்டாள். கடைக்கே போவதில்லை. தண்ணீர் குடிப்பதற்குக்கூட என்னைக் கேட்கிறாள். காய்ச்சலுக்கு ஒரே ஒரு மாத்திரை போட்டிருக்கிறாள், விஷயம் தெரிவதற்கு முன்னால். சாதாரண மாத்திரை. ஆனாலும் பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றியும் எங்காவது ஒரு ஆராய்ச்சி இருக்குமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்று கிடைத்திருக்கிறது.

சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வருகிறாள். பழையதையும் புதியதையும் சேர்த்து நானே அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். வேறு யார் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள்.